நாற்காலிக்காக ஒரு ரயில் பந்தயம்

விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லோரும் செல்போனை எடுத்தார்கள். மெக்கானிக் மட்டும் சபதம் எடுத்தார்.

"இந்தத் தடவை அந்த எக்ஸ்பிரஸ்காரனுக்குச் சல்லிக்காசு கிடையாது."

பக்கத்து சீட்டில் அவர் மனைவி பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "அவன் உங்ககிட்ட வந்து கேட்டானா?"

"கேக்காமலே பிடுங்கறான். ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள போறதுக்கு அவன் போடற டிக்கெட் விலைக்கு ரயிலையே வாங்கிடலாம்."

"வாங்கி எங்க நிறுத்துவீங்க? வீட்ல இருக்கற இடத்தையெல்லாம் உங்க நாற்காலி பிடிச்சுக்கிட்டிருக்கு."

நாற்காலி என்ற சொல் காதில் விழுந்ததும் மெக்கானிக் தன் பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, விமானத்தின் இறக்கையை முதல் முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

மெக்கானிக் என்றால் கார் மெக்கானிக் இல்லை. தையல் மெஷின் மெக்கானிக். வீடு வீடாகப் போய், ஊசி உடைகிற மெஷினையும் நூல் சிக்குகிற மெஷினையும் சரி செய்கிறவர். ஊரில் எல்லார் வீட்டு மெஷினும் அவர் பேச்சைக் கேட்கும். வீட்டில் மிக்ஸி கூடக் கேட்காது. அவர் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. பல் பிடுங்க வந்தவர்கள் பாதியில் எழுந்து ஓடிப் போகாமல் சிரித்துப் பேசி உட்கார வைப்பதுதான் அந்த வேலையின் சாரம். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அந்த நாற்காலியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் வாங்கியது. பின்னால் சாயும், முன்னால் வராது. ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறது. கைப்பிடியில் டேப் சுற்றியிருக்கிறது. நடுவில் ஒரு குழி. அந்தக் குழி அப்படியே மெக்கானிக்கின் அளவு. அதில் உட்கார்ந்தால் அடுத்த நிமிஷம் குறட்டை. விருந்தாளி வந்தாலும் குறட்டை, வீட்டுக்காரர் வாடகை கேட்டு வந்தாலும் குறட்டை. மனைவிக்கு அந்த நாற்காலியைக் கண்டாலே ஆகாது. "அது நாற்காலி இல்லை, சொத்தைப் பல்லு. என்னைக்கு இருந்தாலும் பிடுங்கித்தான் ஆகணும்" என்பாள். அவர் உயிரைக் கொடுத்தாலும் கொடுப்பாரே தவிர, அதைக் கொடுக்க மாட்டார்.

மகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கே அவர் ஒரு நாள் கூட ஒழுங்காகத் தூங்கவில்லை. மகள் வீட்டு சோபாவில் குழி இல்லை.

பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் மெக்கானிக் தன் திட்டத்தை வெளியே எடுத்தார்.

"இந்தா பாரு. எக்ஸ்பிரஸ்ல ஏறினா கொள்ளை. இங்கேயே சாதா வண்டியில ஏறினா, ஏர்போர்ட் ஸ்டேஷன்னு சொல்லி அதுக்குத் தனியா ஒரு கட்டணம். அதுவும் கொள்ளை, கொஞ்சம் சின்னக் கொள்ளை. ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஸ்டேஷன் இருக்கு. அதே சாதா வண்டிதான். அங்க ஏறினா அந்தத் தனிக் கட்டணம் கிடையாது. கொஞ்சம் நடக்கணும், அவ்வளவுதான்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான்."

"போன தடவை நீங்க சொன்ன கொஞ்சத்துல என் செருப்பு அறுந்து போச்சு. நான் எக்ஸ்பிரஸ்ல போறேன்."

"போ! தாராளமாப் போ! ஆனா பந்தயம்."

மெக்கானிக் பர்ஸைத் திறந்தார். உள்ளே இருந்த வீட்டுப் பணத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியை அவள் கையில் வைத்தார்.

"வீடு போய்ச் சேர்ந்ததும் யார் கையில வீட்டுப் பணம் அதிகமா மிஞ்சியிருக்கோ அவங்க ஜெயிச்சாங்க. வீட்டுப் பணம் மட்டும்தான் கணக்கு. வேற வழியில வந்தது எதையும் சேர்க்கக் கூடாது."

"வேற வழின்னா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன். யாராவது ஓசியில கூட்டிட்டுப் போனாங்கன்னு வை. அது திறமை. செலவு இல்லை."

இங்கேதான் அவருடைய கள்ளத்தனம். வீடு வீடாகப் போய் வருவதற்காகக் கம்பெனி கொடுத்திருந்த ரயில் கார்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. சாதா வண்டிக்கு மட்டும் செல்லும். அதில் மிச்சமிருந்த தொகை அவர்கள் வீட்டுக்கு முந்தின ஸ்டேஷன் வரைக்கும் போதும். அங்கே இறங்கி நடந்துவிட்டால் வீட்டுப் பணத்தில் கை வைக்கவே வேண்டாம். முழுப் பணத்தோடு வாசலில் போய் நிற்கலாம். நினைக்கும்போதே அவருக்கு மீசை துடித்தது.

"இது உங்க சட்டம். அப்புறம் மாத்தக் கூடாது" என்றாள் அவள்.

"என் பேச்சை நான் என்னைக்கு மாத்தியிருக்கேன்?"

"சரி. நீங்க ஜெயிச்சா என்ன?"

"என் நாற்காலியைப் பத்தி ஆயுசுக்கும் நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"நான் ஜெயிச்சா நாற்காலி வெளியே. நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

மெக்கானிக் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கார்டு இருந்தது. "சம்மதம்" என்றார்.

அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரியில், 'ஒண்ணும் வலிக்காது, உள்ளே போங்க' என்று சொல்லும்போது சிரிப்பாளே, அதே சிரிப்பு. மெக்கானிக் அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

"அப்போ ரெண்டு பெட்டியையும் நீங்களே கொண்டு வந்துடுங்க" என்றாள்.

"நான் எதுக்கு?"

"ஜெயிக்கப் போறவர் நீங்கதானே? தோக்கப் போறவளுக்கு எதுக்குப் பெட்டி?"

தோற்கப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டால்தான் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியும். இரண்டையும் இழுத்துக்கொண்டு நடந்தார்.

வேலி நீண்டுகொண்டே போனது. அவ்வளவு நீள வேலி போட வேண்டிய அவசியம் என்ன என்று தெரியவில்லை. ஒரு பெட்டியில் சக்கரம் கழன்று புல்லுக்குள் ஓடியது. மெக்கானிக் மண்டியிட்டுத் தேடினார். கிடைத்தது. அவர்தான் மெக்கானிக் ஆயிற்றே, மாட்டினார். நாலடி போனதும் மறுபடி கழன்றது. அதற்கப்புறம் அந்தப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர், "ஐயா, ஏர்போர்ட் அந்தப் பக்கம். நீங்க தப்பாப் போறீங்க" என்று அக்கறையாகச் சொன்னார்.

"அங்கே இருந்துதாங்க வர்றேன்."

"அங்கே ரயில் இல்லையா?"

"இருக்கு."

சைக்கிள்காரர் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பெடலை வேகமாக மிதித்துப் போய்விட்டார்.

ஸ்டேஷன் வந்தது. கார்டைத் தேய்த்தார். கதவு திறந்தது. சாதா வண்டியும் வந்தது. சாயங்காலக் கூட்டத்துக்கு இன்னும் நேரமிருந்ததால் ரயில் பெட்டி முழுக்கக் காலி. எந்த சீட்டில் வேண்டுமானாலும் உட்காரலாம். அவர் கண் ஒரே ஒரு சீட்டின் மேல் விழுந்தது. ஓரத்து சீட்டு. பஞ்சு அமுங்கி, நடுவில் குழிந்திருந்தது.

உட்கார்ந்து பார்த்தார். ஆகா! அதே குழி. அதே அளவு. சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்றது. ஸ்டேஷன் இல்லாத இடத்திலும் நின்றது. ஓர் இடத்தில் ஓரமாக ஒதுங்கி நின்று எக்ஸ்பிரஸுக்கு வழி விட்டது. எக்ஸ்பிரஸ் விர்ரென்று பறந்தது. அதில் ஒரு ஜன்னலில் மனைவி காபி குடிப்பது போல மெக்கானிக்குத் தெரிந்தது. 'குடி, குடி. வீட்டுப் பணத்துல நல்லாக் குடி. ஒவ்வொரு மடக்குக்கும் என் நாற்காலிக்கு ஒரு வருஷம் ஆயுசு கூடுது' என்று நினைத்துக்கொண்டார். அப்படியே சந்தோஷமாகச் சாய்ந்தார். சாய்ந்ததுதான் தெரியும்.

யாரோ தோளைத் தட்டினார்கள்.

"ஐயா, எழுந்திரிங்க. வண்டி இதுக்கு மேல போகாது."

"வீடு வந்துடுச்சா?"

"யார் வீடு? இது கடைசி ஸ்டேஷன்."

மெக்கானிக் வெளியே பார்த்தார். தண்டவாளம் முடிந்திருந்தது. அதற்கப்புறம் ஒரு சுவர். சுவருக்கு அப்பால் வயல்.

வெளியே போகும் கதவில் கார்டைத் தேய்த்தார். திறக்கவில்லை. கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் தேய்த்தார். திறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த டிக்கெட் கவுன்ட்டர் பெண் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"கார்டுல காசு பத்தலை. மிச்சத்தையும் அபராதத்தையும் கட்டுங்க."

"அம்மா, நான் வேணும்னு வரலை. தூங்கிட்டேன்."

"தூங்கினாலும் வண்டி உங்களை இழுத்துக்கிட்டுத்தானே வந்துச்சு?"

"நான் வெளியே போகவே இல்லைம்மா. இப்படியே திரும்பிப் போயிடறேன்."

"திரும்பிப் போகவும் கார்டுல காசு இல்லையே. அதுக்கு வேற டிக்கெட் எடுக்கணும்."

"எக்ஸ்பிரஸ்ல வந்திருந்தா எவ்வளவு ஆகியிருக்கும்?"

அவள் சொன்னாள். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். எக்ஸ்பிரஸே மலிவு.

பர்ஸைத் திறந்து வீட்டுப் பணத்தை எடுத்தபோது, நாற்காலியின் ஒரு காலை யாரோ உடைப்பது போல இருந்தது. திரும்பும் டிக்கெட்டுக்கு எடுத்தபோது இரண்டாவது கால் உடைந்தது.

திரும்பும் வண்டியும் காலிதான். அவர் உட்காரவில்லை. காலி சீட்டுகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். எதிரே இருந்த ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல், "உக்காருங்களேன்" என்றார்.

"வேண்டாங்க. உக்காந்ததாலதான் நிக்கறேன்" என்றார் மெக்கானிக்.

வழியெல்லாம் நாற்காலிக்காக என்ன பேசலாம் என்று யோசித்தார். காலில் விழலாம். ஆனால் அவள் கண்டுகொள்ள மாட்டாள். வாடகைக்கு ஓர் இடம் பார்த்து நாற்காலியை அங்கே வைக்கலாம். அதற்கு அவர் சம்பளம் போதாது. கடைசியில், ஒரே ஒரு ராத்திரி அதில் தூங்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சுவது என்று முடிவு செய்தார்.

தெருமுனை வந்தது. வீட்டுப் படிக்கட்டு வந்தது. கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே கீழ் வீட்டுக்காரர் கால் நீட்டிச் சாய்ந்திருந்தார். ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். இவர்கள் ஊரில் இல்லாதபோது மேலே செடிக்குத் தண்ணீர் ஊற்றும் புண்ணியவான்.

மெக்கானிக் பார்த்தது அவரை இல்லை. அவருக்கு அடியில் இருந்ததை. டேப் சுற்றிய கைப்பிடி. மடித்து வைத்த அட்டை.

"வாங்க மெக்கானிக்! பிரயாணமெல்லாம் சௌக்கியமா?" என்றார் டிரைவர், எழுந்திருக்காமல்.

"இது... இது என் நாற்காலி."

"ஆமா. அருமையான நாற்காலி! ஆயுசு முழுக்க உக்காந்தே வேலை பார்த்தவன் நான். இப்படி ஒரு குழி எந்த சீட்டுலயும் பார்த்ததில்லை. என் இடுப்பு வலி பறந்து போச்சு."

"அதுக்குள்ள தூக்கிக் கொடுத்துட்டாளா? அவ வந்தே கொஞ்ச நேரம்தானே ஆகியிருக்கும்?"

"இன்னைக்கா? நீங்க ஊருக்குக் கிளம்பின அன்னைக்கே எடுத்துட்டு வந்துட்டேனே. அதுக்கு முன்னாடியே அம்மாகிட்ட பணம் கொடுத்துட்டேன். அவங்க சொல்லலையா உங்ககிட்ட?"

மெக்கானிக்கின் முகத்தில் பல்பு எரிந்தது. மோசடி! பந்தயத்தில் மோசடி! கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. பந்தயம் செல்லாது. நாற்காலி திரும்பி வரும். பெட்டிகளைக் கீழேயே போட்டுவிட்டு இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஏறினார்.

மனைவி குளித்து, உடை மாற்றி, நாற்காலி இருந்த மூலையில் ஒரு பூந்தொட்டியை வைத்துத் தள்ளி நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டிக்கிட்டியா! பந்தயத்துக்கு முன்னாடியே வித்துட்டே!"

"வித்துட்டேன்" என்றாள், தொட்டியைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தியபடி. "ஊர்ல இருந்து வந்ததும் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா யோசிச்சிட்டிருந்தேன். நல்லவேளை, நீங்களே பந்தயம் கட்டினீங்க."

"நான் ஜெயிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"நீங்களா?"

அவள் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டு டிரைவரே, "என்ன, என்ன?" என்று குரல் கொடுத்தார்.

"அந்த நேரத்துல சாதா வண்டி காலியா இருக்கும். உங்களுக்கு உக்கார இடம் கிடைக்கும். உக்காந்தா தூங்குவீங்க. கடைசி ஸ்டேஷன்ல சுவருக்குப் பின்னாடி வயல் இருக்குமே, பார்த்தீங்களா?"

மெக்கானிக் விடுவதாக இல்லை. சட்டம் என்றால் சட்டம்.

"அதெல்லாம் இருக்கட்டும். கணக்கைக் காட்டு. எக்ஸ்பிரஸ் டிக்கெட், காபி, எல்லாம் போக உன் கையில வீட்டுப் பணம் எவ்வளவு மிச்சம்? காட்டு!"

அவள் கைப்பையைத் திறந்தாள். ஏர்போர்ட்டில் அவர் வைத்துக் கொடுத்த பாதியை, மடிப்புக் கூடக் கலையாமல், அப்படியே அவர் கையில் வைத்தாள். அவர் எண்ணிப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்படியே இருக்கே! அப்புறம் எப்படி எக்ஸ்பிரஸ்ல வந்தே?"

"உங்க நாற்காலியிலதாங்க உக்காந்து வந்தேன்" என்றாள் அவள். "ஜன்னலோரமா."