கெலமங்கலம் எண்ணெய்க் கமிட்டி

சுதந்திர பாரதத்தின் மாபெரும் சாதனைகளைச் சொல்கிறவர்கள் அணைக்கட்டுகளோடு நிறுத்திவிடுகிறார்கள். அநியாயம். கெலமங்கலம் எண்ணெய்க் கமிட்டியை விட்டுவிட்டார்கள். அதன் காரியதரிசி நான் என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

சேலத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. அவருக்குப் பலமான தீயில் ஆட்டுக்கறி வறுத்துப் போடவேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் எண்ணெய் எது என்று "விஞ்ஞான ரீதியில்" தீர்மானிக்கக் கமிட்டி போட்டோம். பரிசோதனைக்குச் சென்னம்மாளின் சோத்துக்கடையை எடுத்துக்கொண்டோம். புருஷன் போனபிறகு அவளுக்கிருந்த ஒரே பிழைப்பு அந்தப் புல் வேய்ந்த கொட்டகைதான். அவளைக் கேட்கவில்லை, தேசப்பணியில் இதெல்லாம் சகஜம்.

கடலைச் செக்கு வைத்திருக்கும் நாராயணப்பன், "கடலெண்ணெதான் சூடு தாங்கும்" என்றார்.

எள்ளைப் போன்ற உச்செள்ளு விதைக்கிற வெங்கடப்பன் விடவில்லை. "எங்க ஊட்ல எப்பவும் உச்செள்ளெண்ணெதான். உன் கடலப் புண்ணாக்க மாட்டுக்குப் போடுப்பா."

வனஸ்பதி விற்கும் ஷௌகத் அலி சிரித்தார். "பெங்களூர்ல போயி பாருங்க. இப்ப எல்லாம் டப்பாதான்."

கைகலப்பாகிவிடும் போலிருந்தது. நான் எழுந்து, மூன்றையும் சம அளவில் ஒரே சட்டியில் ஊற்றலாம் என்று சமரசத் தீர்மானம் கொண்டுவந்தேன். கைதட்டல் பிரமாதம்.

ஊற்றினோம். அடுப்பில் புளியங்கட்டை திகுதிகுவென எரிந்தது. ஆனால் முதல் துண்டுக் கறியை யார் போடுவது? முதல் மரியாதை என்பது லேசான விஷயமா? கமிட்டி அங்கேயே மறுபடி கூடியது.

"அய்யா, எண்ணெ பொகையுதுங்க. கட்டைய இழுத்துடட்டுங்களா?" என்றாள் சென்னம்மாள்.

"பெரியவங்க பேசிக்கினு இருக்கும்போது குறுக்க வராதம்மா," என்றார் வெங்கடப்பன்.

"மேல கூரை இருக்குதுங்களே."

"கூரை முக்கியமான விசயந்தான். அடுத்த கூட்டத்துல எடுத்துக்கலாம்," என்றேன் நான்.

சட்டி தீப்பிடித்தது. நாராயணப்பன் ஒரு குடம் தண்ணீரை அதில் கொட்டி "உதவி" செய்தார். தீ கூரைக்கு ஏறியது. உறுப்பினர்கள் ஒருவருக்கும் சிறு காயமின்றி, அபாரமான ஒழுங்குடன் வெளியே ஓடினோம்.

கொட்டகை சாம்பலானதும், அதன் அருகிலேயே நின்று இறுதித் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றினோம்: "மூன்று எண்ணெய்களும் வேற்றுமையின்றி, ஒற்றுமையாக எரிந்தன. கமிட்டிக்குப் பாராட்டு." சென்னம்மாளுக்கும் அதை வாசித்துக் காட்டினேன். பெண்களின் அபிப்பிராயத்தையும் கேட்பது எங்கள் வழக்கம்.

அவள் கரிந்த கம்பத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "நல்லா எழுதியிருக்கீங்க சாமி. எண்ணெ மூணு பேரோடது, கூரை மட்டும் என்னுதுன்னு ஒரு வரி சேத்துக்குங்க."