ஒரு விரல் இடம் விட்ட கொடூரன்

தன் நிழலிடமே ஆதார் கார்டு கேட்கக்கூடிய மனிதர் தாராவியில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பெல்ட் பாய். தோல் பெல்ட் தைக்கும் பட்டறைக்காரர். அந்தப் பட்டறையின் மாடியில்தான் நான் குடியிருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தால், என் கிளாஸைத் தான் எடுத்துக்கொண்டு தன் கிளாஸை என் பக்கம் தள்ளுவார். "ஏன் பாய்?" என்றால், "இந்தக் காலத்துல எவன வே நம்புறது?" என்பார்.

அந்த இடுங்கிய சந்தேகப் பார்வையில் மயங்கித்தான் நவி மும்பை கோபர்கைரனேயிலிருந்து ஒரு டைரக்டர் வந்து சேர்ந்தார். ஆட்களைக் கட்டிப்போட்டு அணுஅணுவாக வதைக்கும் கொடூரன் வேடம். திகில் படம்தான், ஆனால் ரத்தத்துக்குச் சிவப்பு ஷெஸ்வான் சட்னிதான் கட்டுப்படியானது.

பாய் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இருந்தது.

"பொடிப் பயலுவகூட என்னயக் கிண்டல் பண்ணுதானுவ. ஒருத்தனாவது என்னயப் பாத்துப் பயப்படணும் வே. ஒருத்தன் போதும்."

எனக்குப் பாவமாக இருந்தது.

மாட்டுங்காவில் ஒரு சின்ன ஹாலில், ஞாயிறு மதியம் படம் போட்டார்கள். தெருவே திரண்டு வந்தது. பாய்க்கு அதுவே சந்தேகம். "இவனுவ எதுக்கு இவ்வளவு சந்தோசமா வாரானுவ?"

திரையில் கொடூரன் வந்தான். ஹீரோவை நாற்காலியோடு சேர்த்து பெல்ட்டால் இறுக்கினான். இத்தனை வருஷப் பழக்கம் விடுமா? பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்துப் பார்த்தான். "டைட்டா இருக்கா? ஒரு ஓட்ட தள்ளிப் போடவா?"

ஹாலே அதிர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "பாய், எனக்கு முப்பத்திநாலு சைஸ்!" டைரக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீருதான வே இவனுவள சிரிக்கச் சொல்லி வச்சீரு?" என்று பாய் என்னை முறைத்தார்.

அதற்குள் கொடூரன் கத்தியை ஓங்கிவிட்டான். சிரிப்பு அடங்கவே இல்லை. திடீரென்று என் மணிக்கட்டை எதுவோ கவ்விப் பிடித்தது. பார்த்தால், பாயின் கை! கண்களை இறுக்க மூடியிருந்தார்.

"கொன்னுட்டானா வே? பாத்துச் சொல்லும்!"

"பாய், அது நீங்கதான்!"

"நடிக்கும்போது என் மூஞ்சி எனக்குத் தெரிஞ்சுதா? என்னா முழி முழிக்கான், யா அல்லா!"

படம் ஊத்திக்கொண்டது. வெளியே வந்ததும் மெல்லக் கேட்டார். "ஒருத்தனாவது பயந்தானா வே?"

"ஒருத்தர் நடுங்கியே போயிட்டாரு பாய். நானே பாத்தேன்."

என் கண்ணையே வெகுநேரம் துருவினார். பொய் இருந்தால்தானே அகப்படும்? அந்த மனுஷனை அப்போது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கிங்ஸ் சர்க்கிளில் டீ வாங்கி நீட்டினேன். கிளாஸை மாற்றாமல் குடித்தார்.