ஏக் மினிட் அண்ணாச்சி

இந்தியாவில் கார்டில் பணம் கட்டும் பழக்கம் பரவ இத்தனை வருஷம் ஆனதற்குக் கமிட்டிகளையும் கம்ப்யூட்டர்களையும் குறை சொல்கிறார்கள். தப்பு. ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். இப்போதெல்லாம் கடையில் கார்டை ஒரு இழு இழுத்தால் சில விநாடியில் சீட்டு வந்து விழுகிறது. விழும்போதெல்லாம் எனக்குப் பெருமூச்சுதான் வருகிறது. இதே வேலைக்கு அண்ணாச்சி பத்தொன்பது நிமிஷம் எடுத்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தும் இருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவே, தில்லி கன்னாட் பிளேஸில் ஒரு வங்கியின் கார்டுப் பிரிவு. கடைகளுக்கு மெஷின் வராத காலம். கடைக்காரர் கார்டை ஒரு இரும்புத் தட்டில் வைத்து, மேலே கார்பன் சீட்டைப் போட்டு, கைப்பிடியைக் கடகடவென்று இழுப்பார். சின்னத் தொகை என்றால் அத்தோடு முடிந்தது. ஃப்ளோர் லிமிட் என்று ஒரு வரம்பு உண்டு. பில் அதைத் தாண்டினால் எங்களுக்குப் போன் செய்ய வேண்டும். நாங்கள் திரையில் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் ஒரு அப்ரூவல் நம்பர் கொடுப்போம். அந்த நம்பர் சீட்டில் இருந்தால், பின்னால் மோசடி என்று தெரிந்தாலும் நஷ்டம் வங்கிக்கு. இல்லாவிட்டால் கடைக்காரர் தலையில். இதற்கெல்லாம் விதிப்புத்தகம் கொடுத்த நேரம் ஒரு நிமிஷம்.

அண்ணாச்சி எந்தப் போனை எடுத்தாலும் "ஏக் மினிட்" என்றுதான் ஆரம்பிப்பார். அது ஒரு நிமிஷத்தில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. தில்லிக் கடைக்காரர்கள் அவருக்கு 'ஏக் மினிட் சாப்' என்று பெயர் வைத்தார்கள். திருநெல்வேலிக்காரர் என்பதால் எனக்கு அண்ணாச்சி. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

நான் மோதி பாகில் வளர்ந்தவள். எம்.பி.ஏ. முடித்த சூட்டோடு வந்து சேர்ந்திருந்தேன். உலகத்தில் எதையும் வேகமாக்கிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த வயசு. நான் ஆபிஸர், அண்ணாச்சி என் கீழே. அவரை வேகமாக்குவதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை. இதை நினைத்தால் இன்றைக்கும் தோள்பட்டை வலிக்கிறது.

அவர் விதியை மீறினார் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் கொடுமை. 'தேவைப்பட்டால் கார்டுதாரரிடம் போனில் பேசி உறுதி செய்துகொள்ளலாம்' என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அண்ணாச்சிக்கு எல்லார் விஷயத்திலும் தேவைப்பட்டது.

ஒரு நாள் கரோல் பாகில் ஒரு புடவைக் கடை. கார்டு வைத்திருந்த அம்மாள் தமிழ்க்காரர் என்று பெயரைப் பார்த்ததுமே அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னார்.

"என்ன வாங்குதீங்க?"

"பட்டுப் புடவைங்க."

"ஜரிகையை நகத்தால சுரண்டிப் பாத்தீங்களா?"

"இல்லையே."

"சுரண்டுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

சுரண்டினார்கள். பிறகு போன் கடைக்காரர் கைக்குப் போனது. ஐந்தாவது நிமிஷம் விலையில் இருநூறு ரூபாய் இறங்கியது. பத்தாவது நிமிஷம் இன்னும் முந்நூறு. பத்தொன்பதாவது நிமிஷம் பில் ஃப்ளோர் லிமிட்டுக்குக் கீழே போய்விட்டது. "இனிமே எங்க பெர்மிஷனே வேண்டாம் பையா" என்று போனை வைத்தார் அண்ணாச்சி. என் பக்கம் திரும்பி, "யம்மா, ஒரு அப்ரூவல் நம்பர் மிச்சம்" என்றார். நான் மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

போன் வந்தால்தான் தொல்லை என்று நினைக்காதீர்கள். வராவிட்டாலும் தொல்லைதான். ஒரே பில்லை இரண்டு சீட்டாகப் பிரித்து, வரம்புக்குக் கீழே காட்டுவது விதிப்படி குற்றம். லாஜ்பத் நகரில் ஒரு டி.வி. கடைக்காரர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். எங்களுக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கும் தெரியாது. பத்து நாளாக அந்தக் கடையிலிருந்து போன் வரவில்லை என்பது மட்டும் அவருக்கு உறுத்தியது. அவரே கூப்பிட்டார்.

"என்ன பையா, உடம்பு சரியில்லையா? வியாபாரம் படுத்துருச்சா? கடன் எதும் ஆயிருச்சா?"

ஒரு வங்கி தன்னை இப்படி விசாரித்து அந்த மனிதர் ஆயுசில் கேட்டதில்லை. குரல் தழுதழுத்து, பிரித்த சீட்டையெல்லாம் அவரே ஒப்புக்கொண்டார். அண்ணாச்சி அவரைத் தேற்ற இருபது நிமிஷம் ஆனது. அதுவும் என் பிரிவின் சராசரி நேரத்தில்தான் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமையாவது நிம்மதியா என்றால், அது எனக்கு மட்டும். கார்டில் வாங்கினால் இரண்டு பர்சென்ட் கூடுதலாகக் கேட்கக்கூடாது என்பது இன்னொரு விதி. தில்லியில் பாதிக் கடைகளில் கேட்பார்கள். அண்ணாச்சி தன் சொந்தக் கார்டோடு கடைகடையாகப் போய், "இஸ்திரிப் பெட்டி என்ன விலை?" என்பார். இரண்டு பர்சென்ட் கேட்கிற கடையில் விதியை ஒப்பித்துச் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். கேட்காத கடையில்? அங்கே வாங்கித்தானே ஆக வேண்டும். அவர் மனைவிக்கு, அதாவது என் மதினிக்கு, மத்திய அரசு வேலை. அவர்களுக்குக் கிடைத்த சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, ஏழு இஸ்திரிப் பெட்டி. "இன்னைக்காவது அயோக்கியன் கடையாப் பாத்துப் போகணும்னு கும்பிட்டுதான் இவுகள அனுப்புதேன்" என்று மதினி என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

இவ்வளவு விசாரித்து எத்தனை திருடனைப் பிடித்தார் என்று கேட்பீர்கள். ஒருவனையும் இல்லை. ஒரே ஒரு திருடனோடு பேசியிருக்கிறார், பதினோரு நிமிஷம். தொலைத்தவர் இன்னும் புகார் கொடுக்காததால் திரையில் கார்டு சுத்தமாக இருந்தது. விலை உயர்ந்த கைக்கடிகாரம். எதற்கு இவ்வளவு விலையில் என்று அண்ணாச்சி கேட்டார். அக்காவுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை கேட்கிறார் என்றான் அவன். அண்ணாச்சி உருகிவிட்டார். "கடிகாரத்தோட நிறுத்திக்கோ தம்பி. ஸ்கூட்டர் கேட்டா முடியாதுன்னுரு" என்று அறிவுரையும் சொல்லி, அப்ரூவல் நம்பரும் கொடுத்தார். மறுநாள் கோல் மார்க்கெட்டிலிருந்து ஒருவர் கார்டைக் காணோம் என்று வந்து நின்றார்.

எங்கள் மேலதிகாரி சோப்ரா சாப் இருவரையும் கூப்பிட்டார்.

"திருடனோட பதினோரு நிமிஷம் பேசியிருக்கீங்க. பேர் என்னன்னு கேக்கலையா?"

"பேருதான் கார்டுலயே இருக்கே சார்" என்றார் அண்ணாச்சி.

அவரை வெளியே அனுப்பிவிட்டு சோப்ரா சாப் என்னிடம் நிதானமாகச் சொன்னார். என் புரொபேஷன் முடிய ஒரு மாதம் இருந்தது. அதற்குள் பிரிவின் சராசரி ஒரு நிமிஷத்துக்குக் கீழே வந்தால் எனக்கு வேலை நிரந்தரம். வராவிட்டால் இல்லை. சிரமமாக இருந்தால், அண்ணாச்சியை பேஸ்மென்ட் ரெக்கார்டு ரூமுக்கு மாற்றும்படி நானே எழுதிக் கொடுத்துவிடலாம்.

எழுதத்தான் உட்கார்ந்தேன். 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது? நலம் விசாரிக்கிறார் என்றா? அதற்கு மேல் நகராமல், சாப்பாட்டு நேரத்தில் அண்ணாச்சியிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"பதினோரு மாசமா ஜல்தி ஜல்தின்னு சொல்லிட்டுதானே இருக்கேன் அண்ணாச்சி?"

"ஜல்தின்னுதான் சொன்னீங்க. உங்க வேலை போயிரும்னு சொல்லலியே."

மறுநாள் காலை முதல் போன். நம்பர் வாங்கினார், தட்டினார், அப்ரூவல் கொடுத்தார், வைத்தார். பதினொரு விநாடி. ஸ்டாப்வாட்ச் பழுதாகிவிட்டதோ என்று நான் காதருகே வைத்துப் பார்த்தேன். அடுத்தது ஒன்பது விநாடி. மூன்று நாளில் பிரிவின் சராசரி ஐம்பத்திரண்டு விநாடிக்கு வந்துவிட்டது. சோப்ரா சாப் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நான்காம் நாள்தான் கோளாறு ஆரம்பித்தது. கார்டுமேல் சந்தேகம் வந்தால் கடைக்காரர் போனில் 'கோட் டென்' என்று மட்டும் சொல்வார். சந்தேகத்துக்குரிய ஆள் எதிரிலேயே நிற்பான் இல்லையா? அதனால் அதற்குப்பிறகு நாங்கள் கேட்பதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். நானே எல்லாக் கடைக்கும் சர்க்குலர் அனுப்பியிருந்தேன். அந்தக் கரோல் பாக் புடவைக் கடைக்காரர் அண்ணாச்சியிடம் பேசி முடித்த கையோடு என் லைனுக்குப் போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, "கோட் டென்" என்றார்.

"கார்டுமேல் சந்தேகமா?"

"இல்லை."

"கையெழுத்து மாறுதா?"

"இல்லை."

"ஆள் சரியில்லையா?"

"இல்லை."

"அப்புறம் யார்மேல்தான்? எங்க பேங்க் மேலயா?"

"ஆமாம்."

"எங்க ஆள் ஒருத்தர் மேலயா?"

"ஆமாம்." பிறகு என் சர்க்குலரை அவர் மீறினார். "மேடம், ஏக் மினிட் சாப் நாற்காலியில வேற எவனோ உக்காந்திருக்கான். என்ன வாங்கறாங்கன்னுகூட கேக்கல. அவன் கொடுத்த நம்பரை நம்பி நான் எப்படிப் புடவையைக் கொடுக்கறது?"

அன்றிலிருந்து எல்லாக் கடையும் இரண்டு தடவை கூப்பிட ஆரம்பித்தது. அப்ரூவலுக்கு ஒன்று, அந்த அப்ரூவல் அசல்தானா என்று கேட்க ஒன்று. லைன் கிடைக்காமல் புகார்கள் குவிந்தன. சோப்ரா சாப் அசையவில்லை. "கம்ப்ளெயின்ட் மூணாவது மாடி மேடம். ஆவரேஜ்தான் நம்ம மாடி" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சின்னச் சின்னப் போன்கள் ஏற ஏற, சராசரி இன்னும் அழகாக இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் எட்டு நாள் தள்ளினால் போதும்.

அப்போதுதான் அண்ணாச்சியின் கீபோர்டுக்கு அடியில் அந்தத் தாளைப் பார்த்தேன். கடை பெயர்களும், பக்கத்தில் கேள்விகளும், பொடிப்பொடி எழுத்தில். 'சவுத் எக்ஸ்டென்ஷன்: மோதிரத்துக்கு விரல் அளவு கொண்டுவந்திருக்கானா?' 'லாஜ்பத் நகர்: பின்னால அழுத குழந்தைக்கு என்ன?' 'கரோல் பாக் மெத்தைக் கடை: தலையணை எதுக்கு எட்டு?' இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"கேக்காம விட்டது யம்மா. இப்ப வேண்டாம். உங்களுக்கு ஆர்டர் கையில வந்த பிறகு ஒவ்வொண்ணா கேட்டுக்கிடுவேன். எட்டு நாள்தானே."

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். இரண்டு போன் எடுத்தேன். வேலை ஓடவில்லை. எட்டுத் தலையணை. நான்கு பேர் இருக்கிற வீடா? ஆளுக்கு இரண்டா? ஹாஸ்டலா? விருந்தாளியா?

"அண்ணாச்சி, அந்தத் தலையணையை மட்டும் இப்பவே கேட்டுடுங்க."

"வேண்டாம். உங்க ஆவரேஜு..."

"கேளுங்க. ஆபிஸரா சொல்றேன்."

கூப்பிட்டார். மெத்தைக் கடைக்காரர் அவர் குரலைக் கேட்டுப் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. நீங்கள் கேட்பீர்கள் என்று நானே அந்த அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன் என்றாராம். அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் தங்கள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். அண்ணாச்சி வாயைப் பொத்தி எங்களுக்குச் சொன்னார்: "புருஷன் குறட்டையாம். நடுவுல மதில் கட்டுதாங்களாம்."

தாளில் இருந்த மற்றதையெல்லாம் கேட்டு முடிக்க மூன்று நாள் ஆனது. சராசரி எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர் பார்த்தார். மாதக் கடைசியில் கடிதம் வந்தது: புரொபேஷன் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. வீட்டில் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அண்ணாச்சி அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, "இத நான் பேசிட்டு வாரேன்" என்று சோப்ரா சாப் அறைக்குள் போனார். போன வேகத்தைப் பார்த்தால் அடிதடி ஆகிவிடும்போல் இருந்தது. நாற்பது நிமிஷம். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் சோப்ரா சாப் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அப்புறம் வாட்ச்சைப் பார்த்தார். அப்புறம் பேன்ட்டைச் சுருட்டி எதையோ காட்டினார்.

அண்ணாச்சி வெளியே வந்தார்.

"என்ன சொன்னார்?"

"மனுசன் நல்லவர்தான் யம்மா. முழங்கால் வலியில தூக்கமே கிடையாதாம். அதான் அப்படி எரிஞ்சு விழுதாரு. நம்ம பக்கத்து ஊர்த் தைலம் ஒண்ணு சொல்லியிருக்கேன்."

"என் லெட்டர்?"

அண்ணாச்சி கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. "அத கேக்க விட்டுட்டேனே யம்மா" என்று மறுபடி உள்ளே போகத் திரும்பியவரை நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அடுத்த வாரம் ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி காலியானது. வெளிச்சம், காற்று, அண்ணாச்சி குரல் எட்டாத தூரம். போய் உட்காரலாம் என்று சோப்ரா சாப் சொன்னார். அந்த ஆறு மாதமும் அது காலியாகத்தான் கிடந்தது.