ஒரு பிள்ளைக்கு எத்தனை இதயம்?

டயர்க் கடையின் மேல்மாடியில் எலும்புகளின் கடவுள் குடியிருந்தார். படிக்கட்டில் நாற்பது பேர் நின்றோம். கீழே பஞ்சர் ஒட்டினார்கள். மேலே கை கால்களை ஒட்டினார்கள். கீழே இருப்பவராவது, ஒட்டிய டியூபைத் தண்ணீரில் முக்கிக் காற்று கசிகிறதா என்று பார்ப்பார்.

"ஐயா தொட்டா போதுமாம், எலும்பு சேர்ந்துடுமாம்," என்றாள் முன்னால் நின்றவள்.

"தொடக்கூட வேணாம்மா. பார்த்தாலே போதும்," என்றார் பின்னால் நின்றவர்.

இன்னும் இரண்டு படி ஏறியிருந்தால், ஐயா நினைத்தாலே போதும் என்று ஆகியிருக்கும்.

என் மகளுக்கு ஆறு வயது. காலையில் மேசையிலிருந்து விழுந்தாள். முழங்கை வீங்கிக் கோணிக்கொண்டது. அவளை மேசைமேல் உட்காரவைத்தது நான். திரும்பி நின்று போனில் சிரித்துக்கொண்டிருந்ததும் நான். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பார்கள், எப்படி விழுந்தாள் என்று. எனக்கு அந்தக் கேள்விதான் பயம். கத்தி, ஊசி என்றெல்லாம் பயந்தது மற்றவர்களுக்குச் சொன்ன காரணம்.

எங்கள் முறை வந்தபோது ஐயா அதைக் கேட்கவே இல்லை. "இது விழுந்ததில்லம்மா. கண்ணு பட்டது. யாரோ வயிறெரிஞ்சிருக்காங்க."

எனக்கு உடம்பே லேசானது. என் தவறு, முகம் தெரியாத யாரோ ஒருத்தியின் கண்ணுக்கு மாறிவிட்டது. அந்த நிம்மதிக்கு எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். கொடுத்தது மகளின் கையை.

முழங்கையை மடக்கி, மூங்கில் பட்டை வைத்து, எண்ணெய்த் துணியால் இறுக்கிக் கட்டினார். மகள் அலறினாள்.

"கெட்டது கத்துது," என்றார் ஐயா.

அலறல் முனகலானது.

"போயிடுச்சு."

கூட்டம் கைகூப்பியது. மகளின் விரல்கள் மெழுகாய் வெளுத்திருந்தன. தொட்டேன். சில்லென்றிருந்தன.

"சூடு இறங்குது. நல்லதுதான்."

அப்போதுதான் விஷயம் கேள்விப்பட்டு என் நாத்தனார் படியேறி வந்தாள். பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச். ஓடி முடித்த பிள்ளைகளின் நாடியை எண்ணுவது அவளுக்கு அன்றாட வேலை. வந்ததும் மகளின் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த நகம் சிவக்கவில்லை.

"கட்டை அவிழுங்க."

சீடர்கள் குறுக்கே நின்றார்கள். "அவிழ்த்தா கெட்டது திரும்ப ஏறிக்கும்," என்றார் ஐயா. "நாடி பார்த்துட்டேன். நல்லா ஓடுது."

"அப்படியா? கட்டின கையில நீங்க எண்ணுங்க. அடிபடாத கையில நான் எண்ணுறேன். அரை நிமிஷம்."

ஐயா கண்களை மூடி, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, கம்பீரமாக எண்ணினார். நாத்தனார் விசில் ஊதினாள்.

"இருபத்திரண்டு," என்றார். "சாந்தமாயிடுச்சு பாருங்க."

"எனக்கு அறுபத்து நாலு. பிள்ளைக்கு எத்தனை இதயம் ஐயா?"

படிக்கட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அண்ணி, நீங்களே தொட்டுப் பாருங்க."

தொட்டேன். நல்ல கையில் துடிப்பு என் விரலை முட்டியது. கட்டிய கையில் தேடித் தேடிப் பார்த்தேன். ஐயா இருபத்திரண்டு எண்ணிய இடத்தில் ஒன்றுகூட இல்லை.

சீடனைத் தள்ளிவிட்டு நானே கட்டைப் பிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "எப்படி விழுந்தா?"

"நான்தான் மேசையில உட்கார வெச்சேன். போன் பேசிட்டிருந்தேன்."

எழுதிக்கொண்டு, "எத்தனை மணிக்கு?" என்றார். நான் ஓடி ஒளிந்த பாவம் அவருக்கு அரை வரி.

உடைந்த எலும்பின் முனை ரத்தக்குழாயை அழுத்தியிருந்தது. மடக்கிய கட்டு மிச்ச வழியையும் அடைத்திருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கையே போயிருக்கும்," என்றார். எலும்பை நேராக்கிக் கம்பி செருகியதும் ரத்தம் ஓடியது. மகளின் நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்தது. சிவந்தது. மறுபடி அழுத்தினேன்.

"போதும்மா," என்றாள்.

நாங்கள் கிளம்பியதும் மேல்மாடியில் கூட்டம் ஒன்றுகூடி, கட்டுப் போட்டவர்களின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து எண்ணத் தொடங்கியதாம். ஐயா பின்படி வழியாகப் போய்விட்டாராம். இன்னொரு மாடி கிடைக்காமலா போகும்?

பஞ்சர்க்காரரின் தண்ணீர்த் தொட்டி படிக்கட்டின் காலடியிலேயே இருந்தது. நாற்பது பேரும் அதைத் தாண்டித்தான் ஏறினோம். அடுத்து ஏறப்போகிறவர்களே, அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரு டியூபுக்குக் காட்டும் சந்தேகத்தை உங்கள் பிள்ளைக்காகவும் காட்டுங்கள்.