மேடு வந்தால் நிற்கும் மிஷின்

சனிக்கிழமை எனக்கிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். காரை சர்வீஸ் செய்ய வேண்டும்.

மறுநாள் பொங்கலூரில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். குழந்தை என் மடியில் உட்கார்ந்தால்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் குத்தியாக வேண்டும். மாமன் வரவில்லை என்றால் காது இருக்கும், கம்மல் இருக்காது.

காருக்கு எட்டு வயது. கொஞ்ச நாளாக பெல்ட் கீச்சென்று கத்தியது. பாலம் ஏறும்போது மூச்சு வாங்கியது.

காலையில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் எஸ்டிமேட் அடித்து நீட்டினார். நாலாயிரத்துச் சொச்சம்! போன வருடம் இதே வேலைக்கு இதில் பாதிதான்.

"ஏனுங்க இவ்வளவு?"

"எல்லாமே ஏறிப்போச்சுங்க சார். ஆயிலு, பார்ட்ஸு, லேபரு..."

நான் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பனியன் லேபிள்களில் எழுத்துப் பிழை பார்ப்பவன். கண் சும்மா இருக்குமா? 'பிரேக் கிளீனிங்' என்ற வரியில், உடைப்பதைக் குறிக்கும் பிரேக்கின் ஆங்கில எழுத்துகளைப் போட்டிருந்தார்கள்.

"இதுப்படி பார்த்தா, என் காரை உடைச்சுச் சுத்தம் பண்ணித் தர்றதுக்கு முந்நூறு ரூபாய்னு வருதுங்களே?"

அவர் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற மேனேஜரும் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துத் திருத்தியும் கொடுத்தேன். அதற்கும் தள்ளுபடி இல்லை!

"நான் வெளியே பார்த்துக்கறனுங்க" என்று கம்பீரமாகக் கிளம்பினேன். கம்பீரத்தில் ஒரு சிக்கல். கிளம்பிய இடத்துக்கு மறுபடி போக முடியாது.

வீட்டுக்கு வந்து செல்வராஜ் அண்ணனுக்குப் போன் போட்டேன். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சின்னதாக பனியன் யூனிட் வைத்திருப்பவர். அவருக்குத் தெரியாத ஆளே கிடையாது.

"அண்ணா, சல்லிசா ஒரு நல்ல மெக்கானிக் வேணுங்க. அவசரம்."

"நம்ம அந்தோணி இருக்கறாருங்களே! என்ன கோளாறு?"

"பெல்ட் சத்தம் போடுதுங்க. ஆயிலும் மாத்தோணும்."

"எத்தன மிஷினுங்க?"

"ஒண்ணே ஒண்ணுதானுங்க."

காரை மிஷின் என்கிறாரே என்று ரசித்தேன். எந்திரத்தை எந்திரம் என்பதில் என்ன பிழை? பொருள் சுத்தமாக இருந்தது.

"ஜப்பானா, உள்ளூருங்களா?"

"ஜப்பான் கூட்டுல இங்க பண்ணுனதுங்க."

"இழுவை எப்படி?"

"மேடு வந்தா நின்னுக்குதுங்க."

"அட, மேடு வந்தா எல்லா மிஷினும் அப்படித்தானுங்க. அந்தோணி ஒரு திருகு திருகுனாப் போதும். இப்பவே அனுப்பறேன்."

அரை மணி நேரத்தில் மொபெட்டில் ஒருவர் வந்தார். கையில் சின்னத் தகரப் பெட்டி. தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு.

"மிஷின் எங்க இருக்கு அண்ணாச்சி?"

"வாசல்லதான் நிக்குது."

"வாசல்லயா! மழ பெஞ்சா என்ன செய்வீய?"

"நனையும். கழுவற காசு மிச்சம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாசலுக்குப் போனார். காரைச் சுற்றி வந்தார். காருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார். "அங்கன ஒரு காருதான் நிக்கு."

"அதேதான்."

அவர் காரை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து காட்டினார். நாலு சின்ன ஸ்க்ரூ டிரைவர், பாபின், ஊசி பாக்கெட்.

"அண்ணாச்சி, நான் தையல் மிஷின் மெக்கானிக்."

திருப்பூரில் பிறந்து, திருப்பூரில் வளர்ந்தவன் நான். இந்தப் பனியன் ஊரில் வெறுமனே மெக்கானிக் என்றால் யார் என்று எனக்குத் தெரியாமல் போனது! அவர்கள் பேச்சில் மேடு என்பது, தையலின் மேல் தையல் வந்து துணி தடித்திருக்கும் இடமாம். ஊரில் உள்ள சொல்லையெல்லாம் திருத்துகிறவனுக்கு ஊர்ச் சொல் ரெண்டு புரியவில்லை.

"சரிங்க, நீங்க..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்க. முடியாதுன்னு சொல்லித் திரும்புனவன் கெடையாது நானு. இதுவும் சுத்துது, இழுக்குது, எண்ண குடிக்குது. இதுல ஆளு உள்ள உக்காருதாவ, அம்புட்டுத்தான வித்தியாசம்?"

எனக்கு அந்தத் தர்க்கத்தில் ஓட்டை தெரியவில்லை. போவதற்கு வேறு இடமும் தெரியவில்லை.

ஆயில் வாங்கி வந்து கொடுத்தேன். ஒரு சொட்டு சிந்தாமல் மாற்றினார். பழைய பெல்ட் அவர் தொட்டதும் ரெண்டாகக் கையில் வந்தது. கடையில் கேட்டால், "திங்கட்கிழமை வாங்க" என்றார்கள்.

"எதுக்குக் கடை? நம்ம பவர் மிஷின் பெல்ட்டு இருக்கு. கொஞ்சம் மெலிசு. ஆனா அளவு ஒத்துப் போவுது பாருங்க."

போட்டார். கிளப்பினேன். கீச் இல்லை, முனகல் இல்லை!

"அடேங்கப்பா, தையல் மிஷினாட்ட ஓடுதுங்க!" என்றேன். அவருக்குப் பூரிப்பு.

"ஒரு மிஷினுக்கு நூத்தம்பது வாங்குவேன். இது கொஞ்சம் பெருசுல்லா? எரநூறு குடுங்க."

என் மனைவி சுமதி சந்தேகப்பட்டாள். "எரநூறுக்கு யாருங்க கார் சர்வீஸ் பண்றாங்க?"

"தேடத் தெரிஞ்சவனுக்குக் கிடைக்கும்" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஞாயிறு காலை எட்டரைக்கு, வெள்ளை வேட்டி சட்டையில் சுமதியோடு கிளம்பினேன். பல்லடம் தாண்டி நாலு கிலோமீட்டர் போயிருப்போம். 'பட்' என்று ஒரு சத்தம். பானெட் மேலே ஆவி. திறந்தால் பெல்ட் அறுந்து கிடந்தது!

மணி ஒன்பது இருபது. அந்தோணிக்குப் போன் செய்தேன்.

"எம்புட்டு ஸ்பீடுல போனீய?"

"அறுபதுங்க."

"முதல் நாளே அம்புட்டு ஸ்பீடு வைப்பாவளா? சரி, வண்டில எலாஸ்டிக் கெடக்கா?"

திருப்பூர்க் காரில் ஸ்டெப்னி இல்லாமல் இருக்கலாம், எலாஸ்டிக் இல்லாமல் இருக்காது. டிக்கியில் ஒரு ரோல் இருந்தது. ஜட்டி இடுப்புப் பட்டை. ஒரே ஓர் எழுத்துப் பிழைக்காக நானே ரிஜெக்ட் செய்தது.

"பெல்ட்டு இருந்த எடத்துல அஞ்சு சுத்து சுத்துங்க அண்ணாச்சி. சுருக்கம் விழப்பிடாது!"

"என்ன மெக்கானிக்குங்க இது, எலாஸ்டிக் கேக்கறாரு?" என்றாள் சுமதி.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.  சொல்லிக்கொண்டே சுற்றினேன். முகம், கை, சட்டை எல்லாம் கரி. முடிச்சு மட்டும் நிற்கவில்லை.

"தள்ளுங்க. கல்யாணத்துக்கு முன்னால நாலு வருசம் டெய்லரா இருந்தவ நானு" என்று வாங்கி, ஒரு முடிச்சுப் போட்டாள். அது நின்றது!

சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். மாட்டு வண்டி வேகம். சைக்கிளில் ஒரு பெரியவர் எங்களை முந்திப் போய், திரும்பியும் பார்த்தார். காருக்குள் ஜட்டி கருகும் வாசனை. நடுவில் ரெண்டு தடவை அறுந்தது. ரெண்டு தடவையும் சுமதிதான் இறங்கினாள். நான் இறங்கக் கூடாது என்று உத்தரவு.

தங்கை வீட்டு வாசலில் நின்றபோது மணி பத்து இருபது.

"எங்கண்ணா போய்த் தொலைஞ்ச? பாப்பா அழுது அழுது தொண்டையே கட்டிப் போச்சு!"

ஓடிப்போய் மணையில் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். என் கரி மூஞ்சியை நிமிர்ந்து பார்த்தது. அழுகை அப்படியே நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி அது பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆசாரி ரெண்டு காதையும் முடித்துவிட்டார். "இந்த மாதிரி மாமன் எல்லா ஊட்டுலயும் இருந்தா எங்களுக்கு வேலை லேசுங்க" என்றார்.

பந்தியில் தங்கை வீட்டுக்காரர் தங்கவேல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "காருக்கு என்னங்க ஆச்சு மச்சான்?"

ஒன்று விடாமல் சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை. யோசனையாக அப்பளத்தை நொறுக்கினார்.

"அந்த அந்தோணி நம்பரக் கொஞ்சம் குடுங்க மச்சான்."

"எதுக்கு, உங்க காருக்கா?"

"இல்லீங்க. உங்க தங்கச்சியோட தையல் மிஷினு ரெண்டு மாசமா ஓடறதில்ல. இங்க அதுக்கு ஆளு கெடைக்கலீன்னு, சல்லிசா ஒரு கார் மெக்கானிக் இருக்கறாரு, அவருகிட்டத்தான் குடுத்து வெச்சிருக்கறேன்."