மூடக்கூடாத லேப்டாப்

நகரி,
27.11.2008

அன்புள்ள மகன் பரணிக்கு,

நைனா சின்னசாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மா சுகம், தறி நான்கும் சுகம். அமெரிக்காவில் நீயும் மருமகளும் பேத்தி மேகனாவும் சுகமாக இருக்க ஏழுமலையான் அருள் புரியட்டும். போன மாதம் நீ கொடுத்தனுப்பிய உன் பழைய லேப்டாப்புக்கு மட்டும் சுகமில்லை.

அதை மூடினால் தூங்குகிறது, திறந்தால் எழுவதில்லை. மூடாதே என்று உன் அம்மாவிடம் ஆயிரம் முறை சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் தறி வீட்டில் பழகிய கை அது. பஞ்சுத்தூசி பறந்தால் எது திறந்திருந்தாலும் மூடிவிட்டுத்தான் மறுவேலை. சோற்றுப்பானை, தண்ணீர்க்குடம், லேப்டாப் எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். போன ஞாயிறு மேகனா கேமரா முன்னால் முதல் அடி வைக்கக் காலைத் தூக்கினாளே, அந்த நேரம் பார்த்துப் பின்கட்டில் தறி ஓடத் தொடங்கியது, தூசி பறந்தது, உன் அம்மா பட்டென்று மூடிவிட்டாள். நான் சத்தம் போட்டேன். "மூடக் கூடாதுன்னா இதுக்கு எதுக்கு மூடி வச்சிக்கிறாங்க?" என்று கேட்டாள். அணைத்துத் திரும்பப் போடுவதற்குள் குழந்தை நாலடி நடந்து, விழுந்து, தூங்கியும் போய்விட்டாளாம். அதில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மறுநாளே திருப்பதிக்கு எடுத்துப்போனேன். வைத்தியர் நோயாளியை முழிப்போடு பார்க்கட்டும் என்று பஸ்ஸில் மடிமேல் திறந்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வடமாலபேட்டையில் ஏறிய பூக்காரம்மா ஏதோ பலகை என்று நினைத்துக் கூடையை அதன்மேல் வைத்துவிட்டாள். கடைக்காரர் சாமந்தி இதழ்களைத் தட்டிவிட்டுப் பார்த்தார். அது தூங்கவும் எழவும் உங்கள் மகனே ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறார், எழுந்ததும் முதலில் இன்ன வைஃபை கார்டைத் தேடு, அது கிடைத்த பிறகு திரையைப் போடு என்று இருக்கிறது, அந்தக் கார்டு இதில் இல்லையே என்று தெலுங்கில் சொன்னார். எப்படி இருக்கும்? அனுப்பும் முன்னால் அதைக் கழற்றி வைத்துக்கொண்டு வேறு ஒன்றை மாட்டினேன் என்று நீயே போனில் ஒப்புக்கொண்டாய். அம்மா கையால் காப்பி வந்தால்தான் கண் திறப்பேன் என்று படுத்திருப்பாயே, அதே பிடிவாதத்தை இதற்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாய். எழுதியவரே வந்து பார்க்கட்டும் என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அங்கே யாராலும் முடியாவிட்டால் பொங்கலுக்கு நானே வந்து சரிசெய்கிறேன் என்று நீயும் போனில் சொன்னாய். மூன்று வருஷமாக எங்களைப் பார்க்க லீவு கிடைக்காதவனுக்கு லேப்டாப்பைப் பார்க்க லீவு கிடைத்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். யாராலும் முடியவில்லை என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். குழந்தையையும் அழைத்து வா. நடக்கத் தெரிந்தவளுக்கு இங்கே இடம் நிறைய இருக்கிறது.

எல்லோரும் நூறாண்டு நலமாக வாழ வாழ்த்தும்,
உன் நைனா,
சின்னசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் பிரௌசிங் சென்டர் கோவர்த்தனன் வந்தான். உன் ஸ்கிரிப்டில் அந்த ஒரு வரியை எடுத்தான். மூடித் திறந்தோம், உடனே எழுந்துகொண்டது. உள்ளதை உள்ளபடி உனக்கு எழுதப் பேனாவை எடுத்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரியாப் பூட்ச்சின்னு எழுதினா புள்ள வராது" என்றாள். நான் பொய் எழுதுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் கோவர்த்தனனைத் திரும்பக் கூப்பிட்டு அந்த வரியை இருந்த இடத்திலேயே போடச் சொல்லிவிட்டேன். இப்போது மூடினால் எழுவதில்லை. பொங்கலுக்கு வா.