பார்டர் வைத்த கத்திரித் தோட்டம்

காய்கறித் தோட்டம் போட்டு, அதில் ஒரு காயைக்கூடப் பறிக்க விடாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். நான் காஞ்சிபுரம் செவிலிமேட்டில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் இருந்தார். ஊரே அவரைக் கிராப் அண்ணன் என்றுதான் கூப்பிடும்.

பட்டுச்சேலைக்கு டிசைன் போடுவது அவர் தொழில். கம்ப்யூட்டரில் கிராப் பேப்பர் மாதிரிக் கட்டம் கட்டமாகப் புள்ளி வைப்பார், பேரும் அதில் வந்ததுதான். ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூணு கால் வந்துவிடும் என்பார். அந்தப் பயத்திலேயே வாழ்ந்த மனிதர் மொட்டைமாடியில் தோட்டம் போட்டால் எப்படி இருக்கும்?

ஆடி பிறந்ததும் கிராப் பேப்பரை விரித்தார். ஆடிக்கு ஒரு டிசைன், தைக்கு ஒன்று, வெயில் காலத்துக்கு ஒன்று. இரண்டு ஓரமும் மிளகாய், அது பார்டர். நடுவில் கத்திரிக்காய், அது சேலை உடம்பில் வரும் பூ, புட்டா. படிக்கட்டுப் பக்கம் சிவப்புத் தண்டுக்கீரை, அது முந்தி.

"சுரைக்கா எங்கண்ணே?" என்றேன்.

"அது டிசைனுக்குள்ள குந்தாது தம்பி. அதும்பாட்டுக்கு அலைஞ்சிக்கினு இருக்கும்."

அவர் மனைவி, எனக்கு அண்ணி, ரொம்பக் கறார். "ஒரு வருசம் டைம் தரேன். அடுத்த ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரே ஒரு வேளை கொழம்பு இந்த மாடிக் காயில கொதிக்கணும். இல்லன்னா தொட்டி மொத்தமும் எறக்கிட்டு நான் துணி காயப்போட கம்பி கட்டிடுவேன். தம்பிதான் சாட்சி" என்றார். என் தலையெழுத்து, சாட்சியானேன்.

புரட்டாசியில் பன்னிரண்டு காய் தொங்கியது. அண்ணி கத்தியோடு மேலே போனார். அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார்.

"மொத்தம் பதினாறு புட்டா. இன்னும் நாலு வரல. இப்ப பறிச்சா நடுவுல ஓட்டை விழுந்துடும்மா!"

"கொழம்புல ஓட்டை தெரியாதுங்க!"

"எனக்குத் தெரியும்."

பாக்கி நாலும் காய்ப்பதற்குள் முதல் பன்னிரண்டும் மஞ்சளாகி, உள்ளே வெறும் விதையாகிவிட்டன. மிச்சத்தை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. தையில் வெண்டை போட்டார். எல்லாம் ஒரே நீளத்துக்கு வரட்டும் என்று தினமும் ஸ்கேல் வைத்து அளந்தார். அளந்து முடித்தபோது ஒவ்வொன்றையும் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போடலாம், அப்படி முற்றியிருந்தது.

மாசியில் மறுபடி கத்திரி. சித்திரை வெயிலில் செடிக்கு நிழல்வலை கட்டிவிட்டுத் தான் வெயிலில் நின்றார்.

ஆனி கடைசி நாள் காலை. "தம்பீ! ஓடியா!" என்ற கத்தலைக் கேட்டு, யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பதறி ஓடினேன். அண்ணன் மாடியில் சிலை மாதிரி நின்றார். பதினாறு கத்திரிக்காய்! எல்லாம் ஒரே உருண்டை, ஒரே ஊதா. ஓரமெல்லாம் மிளகாய் பழுத்துச் செக்கச்செவேல் என்று பார்டர். சத்தியமாகச் சொல்கிறேன், கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கே போகலாம்.

அப்புறம்தான் அவர் முகம் வாடியது. இன்றைக்குப் பறிக்காவிட்டால் தோட்டம் போய்விடும். பறித்தால் டிசைன் போய்விடும். "இன்னா தம்பி பண்றது?" என்றார். கத்தியை எடுப்பார், கீழே வைப்பார். ஒரு காயின் காம்பைப் பிடித்தவர் கண் கலங்கிவிட்டார். சிரிக்கத்தான் வேண்டும், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணி மேலே வந்தார். கடைசிப் படியில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். கீழே இறங்கி, பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனார்.

மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எண்ணெய் மிதக்கக் கத்திரிக்காய்க் குழம்பு. வருவதற்கு முன்னால் எங்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து எண்ணிவிட்டேன். பதினாறும் செடியில்தான் இருந்தன. அண்ணன் தட்டைப் பார்த்துக் குனிந்தபடி இருந்தார்.

"சாட்சி சொல்லு தம்பி. இது எந்தக் காயி?" என்றார் அண்ணி, அதே கறாரோடு.

இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன். "மாடிக் காய்தான் அண்ணி. கடைக் காய்க்கு இந்த ருசி ஏது?"

அண்ணன் மெல்ல நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். "பார்த்தது போதும், துன்னுங்க" என்று அண்ணி அவர் தட்டில் இன்னொரு காயை வைத்தார். அந்த இரண்டு பேருக்காக இன்னும் நூறு பொய்சாட்சி சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.